முதுகு காட்டி நின்ற கோர்ட்டு

பெட்டி மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது.

"அந்தப் பக்கம் தூக்குங்கய்யா... அந்தப் பக்கம்னா இந்தப் பக்கம் இல்ல!" என்று கீழ்ப்படியில் நின்று கத்தினான் ஹாஸ்கல். டன்மோர் ஊரில் மேஜை நாற்காலி விற்பவன் அவன். மரம் கைவசம் இருந்ததால் சவப்பெட்டி வியாபாரமும் அவனிடமே வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்குக் கட்டில், பிள்ளைக்குத் தொட்டில், கடைசியில் பெட்டி என்று ஒரே வாடிக்கைக்காரனை மூன்று தடவை மடக்கிப் பிடிக்கிற தொழில்.

காலையில் காலிப் பெட்டியை நிமிர்த்திப் பிடித்து மேலே கொண்டுபோனபோது வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஆளைப் படுக்க வைத்த பிறகு பெட்டியை நிமிர்த்த முடியாது என்பது அங்கிருந்த அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கோர்ட்டையே திருப்பி வச்ச மனுஷன்," என்று மேல்படியிலிருந்து ஒரு குரல் தணிந்து சொன்னது, "சொந்த வீட்டு மாடிப்படிய மட்டும் ஒழுங்கா வச்சிருப்பாராக்கும்."

இரண்டு பேர் மூக்கால் சிரித்தார்கள். சமையலறை வாசலில் நின்ற, இறந்தவரின் மனைவி ஆர்மிண்டாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"படில தப்பில்ல," என்றாள். சத்தமாக இல்லை. ஆனாலும் படியில் நின்ற ஆறு பேரும் அசையாமல் நின்றார்கள். "இந்தப் படியக் கட்டினப்போ ஏம்ப்ரோஸ் சாவையும் சேத்துத்தான் அளந்தார். மனுஷன் படுக்கிற பெட்டின்னா தாராளமா திரும்பும். இதுக்குள்ள ஒரு மாடு கன்னுக்குட்டியோட படுக்கலாம். எந்த மாட்டுக்காக வரவழைச்ச, ஹாஸ்கல்?"

"நான் என்ன பண்ணட்டும் மிஸஸ் விட்காம்? மிஸ்டர் டால்பட் ஓமாஹாவுலேர்ந்து வரவழைச்சது. வால்நட் மரம், வெள்ளிப் பிடி. ஊர் சார்பா அன்பளிப்பு. பிடி மட்டுமே..."

"விலை சொல்லாத. இன்னிக்கு ஒரு நாள் சொல்லாம இரு."

படியின் கைப்பிடிச் சட்டத்தை அறுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். ஜன்னல் வழியே கயிற்றில் இறக்கலாம் என்றார் இன்னொருவர். ஆர்மிண்டா மேலே ஏறிப்போய்ப் பெட்டியைத் திரும்ப அறைக்குள் தள்ளச் சொன்னாள். படுக்கை விரிப்பை எடுத்துக் கீழே விரித்தாள். மகன் வெஸ்லி அப்பாவின் தோளைப் பிடித்தான். அவள் காலைப் பிடித்தாள். விரிப்போடு தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். திருப்பத்தில் ஏம்ப்ரோஸ் விட்காம் எங்கும் இடிபடாமல் திரும்பினார். இவ்வளவுதானா இந்த மனிதரின் பாரம் என்று அவளுக்கு இருந்தது. வெஸ்லி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை. பின்னால் டால்பட்டின் பெட்டி நின்ற வாக்கில் தடதடவென்று இறங்கி வந்தது.

அந்தப் பெட்டியை அப்போதே வாசலுக்கு வெளியே தள்ளியிருப்பாள். வெஸ்லி அவள் முழங்கையை மெல்லத் தொட்டான். பேசாமல் இருந்துவிட்டாள். அப்படிப் பேசாமல் இருப்பதில் அந்த வீட்டுக்குப் பழக்கம் அதிகம்.

ஏம்ப்ரோஸ் இந்த ஊருக்கு வந்தபோது ஊர் என்று ஒன்றும் இல்லை. புல்லும் காற்றும் டால்பட்டும்தான் இருந்தார்கள். டால்பட் குச்சி நட்டு, கயிறு கட்டி, "இது மெயின் வீதி" என்று விற்றுக்கொண்டிருந்தார். ஏம்ப்ரோஸ் தச்சு வேலை கற்றவர். கிழக்கே ஒரு பெரிய ஊரில் கட்டடப் படம் வரைகிறவரிடம் சில வருஷம் இருந்ததில் கோடு போடவும் கற்றிருந்தார். ஒரு ரசமட்டம், ஒரு வரைபலகை, புதுப் பெண்டாட்டி. மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றி வந்து, 'கட்டட நிபுணர்' என்று பலகை எழுதி மாட்டினார்.

மாட்டிவிட்டால் போதுமா? பசுமாட்டுக்குப் பணம் கொடுக்கிறவன் கோடு போட்ட தாளுக்குக் கொடுப்பானா? "மரப்பலகை உன்கிட்ட வாங்கிக்கிறேன், படத்த சும்மா போட்டுக் குடு" என்பான். கடைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. மரத்தால் கட்டின கடைதான், ஓட்டைக் குடிசைதான். ஆனால் முகப்பு மட்டும் இரண்டு மாடி உயரம் வேண்டும், மேல்மாடியில் ஜன்னல் வரைந்திருக்க வேண்டும். "ஓல்சன் கடை முகப்பவிட ஒரு சாண் ஒசத்தி வை" என்று ஒருவன் வருவான். அடுத்த வாரம் ஓல்சன் வந்து நிற்பான். இப்படியே போனால் முகப்பெல்லாம் வானத்துக்குப் போய்விடும் என்று சாப்பாட்டு மேஜையில் சிரிப்பார் ஏம்ப்ரோஸ். ஊரின் மாதா கோயில், அதற்கு எதிரே சாராயக்கடை, பள்ளிக்கூடம், வங்கி, சிறை, அத்தனை வீட்டுக்கும் கொல்லைக் கழிப்பறை, எல்லாம் அவர் போட்ட கோடுதான். ஒருமுறை தீப்பிடித்துப் பாதி ஊர் போன பிறகு செங்கல்லில் கட்டச் சொல்லி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிச் சண்டை போட்டவரும் அவரே.

கடைசியாக வந்தது கோர்ட்டு. ஊர் அவரை மறக்காதது அதைக் கட்டியதற்காக அல்ல. கட்டிய விதத்துக்காக.

டன்மோர் கோர்ட்டுக்கு முகம் கிழக்கே. டன்மோர் ஊர் இருப்பது மேற்கே. மெயின் வீதியில் நின்று பார்த்தால் தெரிவது கட்டடத்தின் முதுகு: கரி இறக்கும் பொந்து, ஒட்டி நின்ற சிறைச் சமையலறையின் புகைபோக்கி, சாம்பல் அள்ளுகிற ஒரு ஒடுக்கமான கதவு. நீதி கேட்டு வந்தவர்களும் கல்யாணம் பதிய வந்தவர்களும் இத்தனை வருஷமாக அந்தக் கதவு வழியேதான் குனிந்து போனார்கள். அந்தப் பக்கம், தூணும் படியும் வளைவுமாக இருந்த முன்வாசல், புல்வெளியைப் பார்த்து நின்றது. அங்கே சிறைக்காரர்கள் குப்பை கொட்டினார்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த பன்றித் தொடையும் பழ அப்பங்களும் சமையலறை மேஜையை அடைத்துக்கொண்டிருந்தபோது டால்பட் வந்தார். எஃப்ரயிம் டால்பட்: ஊரை விற்றவர், வங்கி வைத்தவர், வெஸ்லியின் முதலாளி. கறுப்புக் கோட்டு, நன்றாகச் சீவிய வெள்ளைத் தாடி. எப்பேர்ப்பட்ட சரக்கையும் அந்தத் தாடியை வைத்தே விற்றுவிடலாம்.

"ஆர்மிண்டா, கோர்ட்டு மண்டபத்துல பெட்டிய வச்சு நாலு வார்த்தை நானே பேசிடறேன்," என்றார். "ஊரை உண்டாக்கினவங்களுக்கு நாம செய்யற மரியாதை அது. அப்புறம்... அந்தப் பழைய தமாஷையும் சொல்லலாம்னு இருக்கேன். உங்களுக்கு மனசு சங்கடம் ஒண்ணும் இல்லையே?"

"எந்தத் தமாஷ்?"

"அதான், நம்ம ஏம்ப்ரோஸ் தாளத் தலைகீழாப் பிடிச்ச கதை. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். அழுதுகிட்டிருக்கிற இடத்துல கொஞ்சம் சிரிப்பும் வேணும் பாருங்க. அவரே சிரிப்பாரே!"

ஆமாம், சிரித்தார். ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதியும் சுதந்திர தின விழா மேடையில் டால்பட் அதைச் சொல்வார்: "குடிமக்களுக்குப் பின்புறத்தைக் காட்டுகிற கோர்ட்டு இந்த நாட்டிலேயே நம்முடையது ஒன்றுதான்! நம் விட்காம் அன்றைக்குத் தாளைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்!" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். மேடையில் ஓரமாக உட்கார்ந்து ஏம்ப்ரோஸும் சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு ராச்சாப்பாடு வேண்டாம் என்பார்.

"மேஜை ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்றாள் ஆர்மிண்டா.

"எந்த மேஜை?"

"இப்ப நீங்க கைய ஊனிட்டிருக்கிற மேஜை."

டால்பட் கையை எடுத்தார். அப்புறம் எதுவும் நடக்காதது போல் தாடியைத் தடவிக்கொண்டு, "துக்கம், பாவம்," என்று பக்கத்தில் இருந்த பெண்களிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இந்த மேஜையில்தான் நடந்தது. ஏம்ப்ரோஸ் வரைந்த படத்தில் கோர்ட்டு ஊரைப் பார்த்து நின்றது. டால்பட் காப்பிக் கோப்பையை ஒதுக்கிவிட்டு, தாளை இரண்டு விரலால் அரை வட்டம் திருப்பினார். "ரயில் கிழக்கால வருது. எனக்குச் சேதி வந்தாச்சு. அந்தப் பக்க நிலம் பூரா நான் வாங்கிப் போட்டாச்சு. ஸ்டேஷன் அங்க, கோர்ட்டு வாசல் அங்க, புது ஊரும் அங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க." காப்பி ஊற்ற வந்த ஆர்மிண்டா கெண்டியோடு நின்றாள். ஏம்ப்ரோஸ் கேட்டார்: "மேற்கால கடை போட்டவங்க? நேத்து வரைக்கும் அவங்களுக்கு மனை வித்திருக்கீங்களே?" டால்பட் சிரித்தார். "அவங்க கடைக்கெல்லாம் உயரமா முகப்பு வச்சுக் குடுத்திருக்கீங்களே, அதை அப்படியே பெயர்த்து எடுத்துட்டு வரட்டும்."

சுவர் எழும்பிக் கூரையும் போட்டு முடிந்த பிறகு ரயில் வந்தது. மேற்கே வந்தது.

ஊர் திரண்டு, கோர்ட்டு ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்டது. டால்பட் கண் கூட இமைக்கவில்லை. "நம்ம விட்காம் தாளைத் தலைகீழாப் பிடிச்சிட்டார்," என்றார். ஊர் சிரித்துவிட்டது. சிரித்த ஊருக்குக் கோபம் வருவதில்லை. டால்பட்டுக்கு அது தெரியும்.

அன்று ராத்திரி ஆர்மிண்டா கத்தினாள். ஏம்ப்ரோஸ் மெதுவாகச் சொன்னார்: "இப்ப நெசத்தச் சொன்னா டால்பட் மேல நம்பிக்கை போயி, மேற்கால மனை வாங்கினவன் எல்லாம் மூட்டை கட்டிட்டுப் பக்கத்து ரோஸ்கோவுக்குப் போயிடுவான். ஜில்லாக் கோர்ட்டு ஊர்ங்கற அந்தஸ்தும் அவங்க பின்னாலயே அந்த ஊருக்குப் போயிடும். நான் கட்டினதெல்லாம் காக்கா உக்கார்ற சுவரா நிக்கும். அடுத்த வருஷம் சொல்லிக்கலாம், ஆர்மி."

அடுத்த வருஷம் வறட்சி. அதற்கடுத்தது வெட்டுக்கிளி. பிறகு வெஸ்லிக்கு டால்பட்டின் வங்கியில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு அடுத்த வருஷம் இருந்தது. இப்போதுதான் இல்லை.

"அம்மா," என்றான் வெஸ்லி. பெண்கள் முன்னறைக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தான். "உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்?"

"மண்டபத்துல எதுவும் பேசாத. எனக்குப் பொண்டாட்டி இருக்கா, ரெண்டு குழந்தைங்க இருக்கு. இந்த ஊர்ல வேற வங்கி இல்ல."

"உங்கப்பாவத் தாளத் தலைகீழாப் பிடிச்சவருன்னு அந்த டால்பட் அவர் பெட்டிக்கு மேலயே நின்னு சொல்லுவான். நான் கைக்குட்டைய வச்சு மூக்கத் தொடச்சிட்டு நிக்கணுமா?"

"அப்பாவே ஒண்ணும் சொல்லலையே!"

"அதத்தாண்டா நானும் கேக்கறேன். ஏன் சொல்லல? கேட்டுக்கேட்டு என் தொண்ட வறண்டுபோச்சு. அங்க படுத்திருக்கார், போய்க் கேளு. இப்பவும் சொல்ல மாட்டார்." மேஜையில் யாரோ கொண்டுவந்து வைத்திருந்த அப்பத்தை அவள் தள்ளினாள், தட்டு விளிம்பைத் தாண்டித் தரையில் கவிழ்ந்தது. "நல்ல மனுஷன், நல்ல மனுஷன்னு காலைலேர்ந்து எல்லாரும் சொல்றாங்க. நல்ல மனுஷன்னா என்னடா? அடுத்தவன் பொய்ய ஆயுசு முழுக்கச் சுமக்கிறவனா?"

வெஸ்லி குனிந்து அப்பத்தைப் பொறுக்கினான். வங்கிக் கூண்டுக்குள் நின்று நின்று அவனுக்கும் அப்பாவைப் போலவே முதுகு லேசாக வளைந்துவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் தீயணைப்புக்காரர்களின் பேண்டு, பின்னால் பாதிரியார், அவருக்குப் பின்னால் பெட்டி. இடது முன்பிடியில் வெஸ்லி. டால்பட் பெட்டிக்குப் பக்கத்தில் நடந்தார், வெள்ளிப் பிடிகள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கொஞ்சம் விலகி. கடைகள் அடைத்திருந்தன. உயர உயரமான முகப்புகள் இரண்டு பக்கமும் நின்றன. அவற்றின் பின்னால் குட்டைக் கூரைகள் பதுங்கியிருந்தன.

கோர்ட்டின் முதுகுக்கு வந்தார்கள். சாம்பல் கதவு திறந்திருந்தது. கோர்ட்டுக் காவல்காரன் சாம்பல் தொட்டியை மட்டும் நகர்த்தி வைத்திருந்தான். ஈரம் அப்படியே இருந்தது. முட்டைக்கோசு வேகிற வாடை.

"நில்லுங்க," என்றாள் ஆர்மிண்டா.

பேண்டு ஒரு வரி தாண்டிப் போய் நின்றது.

"இது சாம்பல் அள்ற வாசல். அவர் கட்டின வாசல் அந்தப் பக்கம் இருக்கு. அதுவழியாப் போகட்டும்."

டால்பட் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கம் எல்லாம் காடா வளந்து கிடக்கு, ஆர்மிண்டா. கதவத் திறந்தே எத்தனையோ காலமாச்சு. பெண்கள் எல்லாம் நல்ல உடுப்புல வந்திருக்காங்க."

"உடுப்பத் துவைச்சுக்கலாம்."

"மிஸஸ் விட்காம்," என்றார் பாதிரியார், "இறந்தவரோட அமைதிய..."

"அமைதி அவருக்கு ஏகப்பட்டது இருந்தது, அய்யா. அதுல குறையே வைக்கல."

டால்பட் காவல்காரனுக்குக் கண்ணைக் காட்டினார். காவல்காரன் சாம்பல் கதவை இன்னும் அகலத் திறந்தான். பெட்டி சுமந்தவர்கள் கைமாற்றிப் பிடித்தார்கள். வெஸ்லி முதலாளியைப் பார்த்தான். டால்பட் தலையால் கதவைக் காட்டினார், வங்கியில் காட்டுவது போலவே.

வெஸ்லி இடது பக்கம் திரும்பினான்.

முன்னால் பிடித்தவன் திரும்பினால் பெட்டியும் திரும்ப வேண்டியதுதான். மற்ற ஐந்து பேரும் தடுமாறிக்கொண்டு திரும்பினார்கள். கட்டடத்தைச் சுற்றிப் புல்லுக்குள் இறங்கினார்கள். பேண்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, பெரிய முரசைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். ஊர் முழுக்கப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டு, சாம்பல் மேடுகளையும் டப்பாக்களையும் தாண்டிப் போயிற்று.

முன்வாசலைப் பார்த்ததும் முணுமுணுப்பு நின்றது. சுண்ணாம்புக் கல் படிகள், ஒவ்வொன்றும் கிழவர்களும் ஏறுகிற உயரத்தில். நான்கு தூண்கள். வளைவின் மேல் கோதுமைக் கதிர் செதுக்கியிருந்தது. காலை வெயில் முழுக்க அதன் மேலேயே அடித்தது. எத்தனையோ பேர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, நிலத்துக்கு வழக்காடி, இதை ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

"அடேயப்பா," என்று யாரோ பெண் சொன்னாள்.

பெட்டியைப் படிமேல் இறக்கினார்கள். இரண்டு பேர் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தபோது டால்பட் மூச்சு வாங்க மேல்படிக்கு ஏறினார். கூட்டம் கிடைத்த இடத்தில் பேசிவிடுவது அவர் வழக்கம். கையை விரித்தார்.

"நண்பர்களே! எவ்வளவு அழகான முகம்! என்ன செய்வது, நம் அருமை விட்காம் அன்றைக்கு அந்தத் தாளை மட்டும்..."

"ஐயோ, என் முட்டி!" என்று ஹாஸ்கல் அலறினான்.

பின்னால் புல்லுக்குள் நின்றவன் எதிலோ இடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தான். பாதிரியார் இருக்கிறார் என்பதை மறந்து மூன்று கெட்ட வார்த்தை சொன்னான். புல்லை இரண்டு கையாலும் விலக்கினான். குதிரை கட்டுகிற இரும்புக் கம்பம். உச்சியில் குதிரைத் தலை, கழுத்தைச் சுற்றி வார்ப்பு எழுத்து.

"இது யாருது இங்க? டால்பட்... டால்பட் சதுக்கம்," என்று படித்தான் ஹாஸ்கல். "கீழ வருஷமும் போட்டிருக்கு."

"எந்த வருஷம்?" என்றான் மளிகைக்கடை ஓல்சன்.

ஹாஸ்கல் சொன்னான். கோர்ட்டுக்கு அடிக்கல் போட்ட அதே வருஷம்.

"இங்கயும் ஒண்ணு இருக்கு," என்றான் இன்னொருவன். "இங்கயும்." புல்லுக்குள் ஆட்கள் காலால் தடவினார்கள். கம்பங்கள் நேர்வரிசையில் ஒரு வீதி நீளத்துக்குப் போயின. ஊர்ப் பையன்களுக்கெல்லாம் தெரிந்த கம்பங்கள்தான். ஆனால் பையன்கள் மனை வாங்குவதில்லை.

ஆர்மிண்டா வாயைத் திறக்கவில்லை. வழி நெடுகக் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் நாக்கில் இருந்தன. டன்மோர்க்காரர்கள் வியாபாரிகள், அவர்களுக்குக் கணக்கு போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

ஓல்சன் மெதுவாகப் படிக்கு வந்தான். "மிஸ்டர் டால்பட். சுவர் எழும்பறதுக்கு முன்னாடியே கம்பத்த வார்த்து இங்க நட்டிருக்கீங்க."

"அது... பழைய யோசனை ஒண்ணு, ஓல்சன். இப்ப அந்தப் பேச்சு எதுக்கு?"

"அதே வருஷம்தான் மேற்கால எனக்கு மூலை மனை வித்தீங்க. ஊரோட நெஞ்சுப் பகுதின்னு சொல்லி. எந்த ஊரோட நெஞ்சு?"

"தாளத் தலைகீழாப் பிடிச்சது அவருன்னா," என்றது கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், "கம்பத்தத் தலைகீழா நட்டது யாரு?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டால்பட் கூட்டத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வெஸ்லியைப் பார்த்தார். "வெஸ்லி, நீ சொல்லு. உங்கப்பா என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லியிருக்காரா?"

"இல்ல சார்," என்றான் வெஸ்லி. "ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்ல."

சொல்லிவிட்டு வெள்ளிப் பிடியைப் பிடித்தான். முன்கதவு பெரிய முனகலோடு திறந்தது. உள்ளேயிருந்து பழைய காற்று வந்தது. பெட்டி எங்கும் இடிக்காமல் உள்ளே போயிற்று. டால்பட் பேசவில்லை. பாதிரியார் ஏதோ படித்தார். யார் காதிலும் விழவில்லை. ஆட்கள் தலையைத் தூக்கி மண்டபத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே வெளியே எட்டிப் பார்த்து, கம்பங்களை எண்ணிக்கொண்டார்கள்.

கல்லறை மேட்டில் மண் போட்டு முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. அப்போதுதான் எல்லாரும் தங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். கறுப்புக் கால்சட்டை, கறுப்புப் பாவாடை, எல்லாவற்றிலும் முழங்கால் வரை ஒட்டுமுள் அப்பியிருந்தது. ஆண்களும் பெண்களும் கல்லறைக் கற்களில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார்கள். டால்பட் தன் வண்டிப்படியில் தனியாக உட்கார்ந்து பிய்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வங்கியைத் திறப்பாரா, திறந்தால் வெஸ்லிக்கு உள்ளே இடம் உண்டா என்று யாரும் அவரைக் கேட்கப் போகவில்லை.

வெஸ்லி அம்மாவின் முன்னால் மண்டியிட்டான். அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்து ஒரு முள்ளை எடுத்தான், இன்னொன்றை எடுத்தான்.

"விடு," என்றாள் ஆர்மிண்டா.

"நிறைய இருக்கும்மா. நடக்கறப்போ குத்தும்."

"இருக்கட்டும் விடு. அவர் வாசல் முள்ளுதானே."

பாவாடையை அவன் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். மேட்டிலிருந்து இறங்கி, மெயின் வீதிக்கு வந்து, கடையோர நடைபலகையில் ஏறாமல் வீதியின் நட்டநடுவில் நடந்தாள். கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பலகைக் கதவுகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவள் போகப் போக, பாவாடையிலிருந்து ஒன்றிரண்டு முள் உதிர்ந்து புழுதியில் விழுந்துகொண்டே வந்தது.